சோடாவும் இனிப்புப் பானங்களும் வயிற்றில் என்ன செய்கின்றன?

நீங்கள் இப்போது தற்காலிக முகாமை விட்டு வீட்டுக்குத் திரும்பிக்கொண்டிருக்கிறீர்கள், அல்லது திரும்பிவிட்டீர்கள். கேகாலை மாவட்டம் 2016 மே மாதத்தில் அரநாயக்கவிலும் புளத்கொஹுபிட்டியவிலும் நடந்த மண்சரிவுகளை மறக்கவில்லை. மழை கடுமையாகப் பெய்யும்போதெல்லாம் மலைச்சரிவில் லயத்தில் இருப்பவர்களும், களனி கங்கையின் ஓரத்தில் இருப்பவர்களும் மூட்டை கட்டிக்கொண்டு பாடசாலைக்கோ கோவிலுக்கோ ஓட வேண்டியிருக்கிறது. திரும்பி வந்ததும் கூரை, பாய், அடுப்பு, பிள்ளைகளின் புத்தகம் என்று ஆயிரம் கவலை. அந்த நேரத்தில் குடிக்கும் பானத்தைப் பற்றி ஒரு கட்டுரை தேவையா என்று நீங்கள் கேட்கலாம்.

தேவைதான். முகாமில் நன்கொடையாக வந்த பொருட்களில் சோடாவும் பெட்டிப் பானங்களும் நிறைய இருந்தன. பிள்ளைகள் அந்தச் சுவைக்குப் பழகிவிட்டார்கள். வீட்டுக்கு வந்தால் கிணறும் பீலித் தண்ணீரும் இன்னும் கலங்கலாக இருக்கின்றன. “மூடி போட்ட போத்தல்தானே, கிருமி இல்லை” என்று கடையில் சோடா வாங்குகிறோம். வெள்ளத்துக்குப் பின் வயிற்றோட்டம் பரவும் காலமும் இதுவே. இந்த இரண்டும் சேரும் இடத்தில்தான் ஆபத்து இருக்கிறது.

காற்று என்ன செய்கிறது?

சோடாவில் குமிழி விடுவது காபனீரொட்சைட்டு வாயு. தொழிற்சாலையில் அதை அழுத்தம் கொடுத்துக் குளிர்ந்த நீரில் கரைக்கிறார்கள். 400 மில்லிலீற்றர் போத்தல் ஒன்றில் கரைந்திருக்கும் வாயு முழுவதும் வெளியே வந்தால் 1 லீற்றருக்கும் அதிகமான இடத்தைப் பிடிக்கும். மூடியைத் திறக்கும்போதும் கோப்பையில் ஊற்றும்போதும் ஒரு பகுதி போய்விடுகிறது. மிச்சம் நம்முடன் வயிற்றுக்குள் போகிறது. வயிற்றின் சூட்டில் அது கரைசலை விட்டுப் பிரிந்து, இரைப்பையை ஊதவைக்கிறது.

இரைப்பையின் வாயிலில் ஒரு தசை வளையம் உண்டு. சாப்பாடும் அமிலமும் மேலே திரும்பாமல் அது பிடித்து வைத்திருக்கிறது. இரைப்பையின் மேற்பகுதி காற்றால் விரியும்போது அந்த வளையம் சற்றுத் தளர்ந்து காற்றை வெளியே விடுகிறது. அதுதான் ஏப்பம். சில வேளைகளில் காற்றோடு அமிலமும் மேலே வந்து நெஞ்சை எரிக்கும். ஏற்கெனவே நெஞ்செரிவு உள்ளவர்களுக்கும், வயிறு நிறையச் சாப்பிட்டு உடனே படுப்பவர்களுக்கும், கர்ப்பிணித் தாய்மாருக்கும் இது அதிகம்.

“சோறு செரிக்கவில்லை, ஒரு சோடா குடித்தால் சரியாகிவிடும்” என்பது நம் ஊரில் பழைய நம்பிக்கை. குடித்ததும் பெரிய ஏப்பம் வருகிறது, வயிறு லேசானதுபோல் இருக்கிறது. ஆனால் வெளியே வந்த காற்றில் பெரும்பகுதி நாம் இப்போதுதான் குடித்த காற்று. சோறு இருந்த இடத்தில்தான் இருக்கிறது.

இன்னொரு பக்கத்தையும் சொல்ல வேண்டும். “சோடா குடலில் ஓட்டை போடும்” என்று பயமுறுத்துவது சரியல்ல. நம் இரைப்பையில் சுரக்கும் அமிலம் சோடாவிலுள்ள அமிலத்தைவிடக் கடுமையானது. இரைப்பைப் புண்ணுக்கு முக்கிய காரணங்கள் ஒரு வகை பக்டீரியாவும், வைத்தியரின் ஆலோசனை இல்லாமல் தொடர்ந்து விழுங்கும் சில வலிநிவாரண மாத்திரைகளும் ஆகும். ஆனால் ஏற்கெனவே புண்ணோ எரிவோ இருப்பவருக்குச் சோடா வேதனையைக் கூட்டலாம்.

சோடாவின் அமிலத்தால் உண்மையில் கரைவது பல்லின் மேற்பூச்சு. பிள்ளைகள் போத்தலைக் கையில் வைத்துக்கொண்டு மணிக்கணக்காகச் சிறிது சிறிதாக உறிஞ்சினால் பல் அத்தனை நேரமும் அமிலத்திலும் சீனியிலும் நனைந்திருக்கும்.

சீனி என்ன செய்கிறது?

பெரும்பாலான இனிப்புப் பானங்களில் 100 மில்லிலீற்றருக்கு ஏறத்தாழ 10 கிராம் சீனி இருக்கும். 400 மில்லிலீற்றர் போத்தலில் 40 கிராம். ஒரு தேக்கரண்டி 4 கிராம் என்று கணக்கிட்டால் 10 தேக்கரண்டி சீனி. உங்கள் தேத்தண்ணீர்க் கோப்பையில் யாராவது 10 கரண்டி சீனி போட்டால் குடிப்பீர்களா? சோடாவில் அது தெரியாமல் இருப்பதற்குக் காரணம், குளிரும் புளிப்பும் இனிப்பை மறைப்பதுதான்.

உடல் நலமுள்ள பெரியவர் ஒருவர் ஒரு நாளில் சேர்த்துக்கொள்ளும் சீனியை 25 கிராம் அளவுக்குள் வைத்திருப்பது நல்லது என்று உலக சுகாதார நிறுவனம் 2015 இல் ஆலோசனை கூறியது. ஒரு போத்தல் சோடா அந்த எல்லையை ஒரே மூச்சில் தாண்டிவிடுகிறது.

குடலுக்குள் நடப்பதை இப்படிப் பாருங்கள். ஊறுகாய்க்கு மாங்காயை உப்பில் போட்டால் என்ன ஆகிறது? மாங்காயில் உள்ள நீர் வெளியே வந்து பாத்திரத்தில் நிற்கிறது. கரைசல் எங்கே கடுமையாக இருக்கிறதோ அந்தப் பக்கத்துக்கு நீர் இழுபடும். சீனி நிறைந்த பானம் குடலுக்குள் போகும்போதும் அதுவே நடக்கிறது. உடலில் உள்ள நீர் குடலுக்குள் இழுக்கப்படுகிறது. நல்ல ஆரோக்கியத்தில் இருப்பவருக்குக் குடல் சீக்கிரம் சீனியை உறிஞ்சி நீரையும் திரும்ப எடுத்துக்கொள்ளும். வயிற்றோட்டம் கண்ட பிள்ளையின் குடலால் அது முடியாது. சாதாரண சீனியை உடைத்துச் செரிக்க வைக்கும் பொருள் குடலின் உட்சுவரில் இருக்கிறது. வயிற்றோட்டத்தில் அந்தச் சுவர் பாதிக்கப்படுகிறது. செரிக்காத சீனி பெருங்குடலுக்குப் போய்ப் புளித்து, காற்றை உண்டாக்கி, மேலும் நீரை இழுக்கிறது. வயிறு பொருமுகிறது, ஓட்டம் கூடுகிறது.

அதனால்தான் வயிற்றோட்டக்காரப் பிள்ளைக்குச் சோடா கொடுத்தால், நாம் கொடுத்ததைவிட அதிகமான நீர் வெளியே போகலாம். “பிள்ளை எதையாவது குடிக்கிறானே” என்று தாய் ஆறுதல் அடையும் அந்த நேரத்திலேயே பிள்ளை வற்றிக்கொண்டிருக்கலாம்.

அகதி முகாமில் கிடைத்த பாடம்

1971 ஆம் ஆண்டு. கிழக்குப் பாகிஸ்தானில் போர். இலட்சக்கணக்கான மக்கள் எல்லை தாண்டி இந்தியாவின் மேற்கு வங்காளத்துக்கு வந்தார்கள். போங்காவ் என்ற இடத்து முகாமில் கொலரா பரவியது. வைத்தியசாலைத் தரை முழுவதும் நோயாளிகள். நரம்பில் ஏற்றும் சேலைன் தீர்ந்துபோகும் நிலை. அங்கே பணிசெய்த வைத்தியர் திலீப் மகலனாபிஸ், உப்பு, குளுக்கோஸ், அப்பச்சோடா ஆகியவற்றை அளந்து பொதி கட்டி, நீரில் கரைத்துக் குடிக்கக் கொடுக்கச் செய்தார். ஆள் போதாததால் நோயாளியின் தாயும் தகப்பனும் அண்ணனும் தங்கையுமே கோப்பையில் எடுத்து ஊட்டினார்கள். முன்பு அங்கே நூற்றுக்கு 30 பேர் அளவில் இறந்துகொண்டிருந்தார்கள். அந்தக் கரைசலை ஊட்டியபின் அது நூற்றுக்கு 4 பேருக்கும் குறைந்தது.

நம்மைப்போல வீடிழந்து முகாமில் இருந்தவர்களே, தங்கள் கையால் ஊட்டித் தங்கள் பிள்ளைகளைக் காப்பாற்றினார்கள். நாம் இன்று ஜீவனி என்று சொல்லும் பொதி அந்த வழியில் வந்ததுதான்.

ஜீவனியிலும் இனிப்பு இருக்கிறது, சோடாவிலும் இனிப்பு இருக்கிறது. பிறகு என்ன வித்தியாசம்? அளவும் உப்பும்தான் வித்தியாசம். குடற்சுவரில் குளுக்கோஸும் உப்பும் கைகோத்து ஒன்றாக உள்ளே போகும் ஒரு வாசல் உண்டு. அவை போகும்போது நீரும் பின்னால் போகிறது. வயிற்றோட்டத்தின்போதும் அந்த வாசல் திறந்தே இருக்கும். உலக சுகாதார நிறுவனமும் யுனிசெப்பும் 2002 முதல் பரிந்துரைக்கும் கரைசலில் 1 லீற்றருக்கு 13.5 கிராம் குளுக்கோஸும் 2.6 கிராம் உப்பும், அவற்றோடு பொட்டாசியம் குளோரைட்டும் சித்திரேற்று உப்பும் இருக்கின்றன. சோடாவில் 1 லீற்றருக்கு ஏறத்தாழ 100 கிராம் சீனி. அதாவது ஏழு மடங்கு. உப்போ பெயரளவுக்குத்தான். சோடாவின் காற்றை ஆட்டி வெளியேற்றிவிட்டுக் கொடுத்தாலும் இந்தக் கணக்கு மாறாது.

வயிற்றோட்டம் வந்தால் செய்ய வேண்டியவை

1. ஜீவனிப் பொதியை அதில் எழுதியிருக்கும் அளவு கொதித்தாறிய நீரில் முழுவதாகக் கரையுங்கள். அரைப் பொதி, கால் பொதி என்று பிரிக்க வேண்டாம். கூடுதலாகச் சீனி சேர்க்க வேண்டாம். சோடாவிலோ பாலிலோ கரைக்க வேண்டாம்.

2. அளக்கப் பாத்திரம் இல்லையென்றால், குடிதண்ணீரோ சோடாவோ இருந்த போத்தலை நன்றாகக் கழுவிப் பயன்படுத்தலாம். 500 மில்லிலீற்றர் போத்தலால் இரண்டு முறை அளந்தால் 1 லீற்றர்.

3. இரண்டு வயதுக்குக் குறைந்த பிள்ளைக்கு ஒவ்வொரு முறை வயிற்றால் போன பின்னும் 50 முதல் 100 மில்லிலீற்றர், இரண்டு முதல் பத்து வயது வரை 100 முதல் 200 மில்லிலீற்றர் கொடுங்கள். பெரியவர்கள் தாகம் தீரும்வரை குடிக்கலாம்.

4. பிள்ளை வாந்தி எடுத்தால் 10 நிமிடம் பொறுத்து, பிறகு கரண்டியால் மெதுவாக ஊட்டுங்கள். அவசரப்பட்டுக் கோப்பையோடு கொடுத்தால் திரும்ப வாந்தி வரும்.

5. கரைத்து 24 மணித்தியாலம் கடந்த கரைசலை ஊற்றிவிட்டுப் புதிதாகக் கரையுங்கள்.

6. தாய்ப்பாலை நிறுத்தக் கூடாது. சோறு, கஞ்சி, பருப்பு, வாழைப்பழம் என்று பிள்ளை வழமையாகச் சாப்பிடுவதைச் சிறிது சிறிதாகக் கொடுங்கள். “வயிற்றைக் காயப்போட வேண்டும்” என்பது தவறு.

7. சிங்க் மாத்திரை தந்தால், வயிற்றோட்டம் நின்றபின்னும் சொன்ன நாள்வரை முழுவதும் கொடுத்து முடியுங்கள்.

பாதை அடைபட்டு ஜீவனி கிடைக்காத நேரத்தில், 1 லீற்றர் கொதித்தாறிய நீரில் தட்டையாக அளந்த 6 தேக்கரண்டி சீனியும் அரைத் தேக்கரண்டி உப்பும் கரைத்துக் கொடுக்கலாம். முதலில் நீங்கள் சுவைத்துப் பாருங்கள். கண்ணீரைவிட உப்புக் கரித்தால் அதைக் கொட்டிவிட்டுத் திரும்பக் கரையுங்கள். உப்புப் போட்ட சோற்றுக் கஞ்சியும் நல்லது.

கண் குழிவிழுதல், அழுதால் கண்ணீர் வராமை, வாய் உலர்தல், ஆறு மணித்தியாலம் சிறுநீர் போகாமை, வயிற்றுத் தோலைக் கிள்ளிவிட்டால் மெதுவாகவே திரும்புதல், பிள்ளை சோர்ந்து கிடத்தல், மலத்தில் இரத்தம், எதைக் கொடுத்தாலும் வாந்தி – இவற்றில் ஒன்று இருந்தாலும் வீட்டில் காத்திருக்க வேண்டாம். ஆறு மாதத்துக்குக் குறைந்த குழந்தைக்கு வயிற்றோட்டம் என்றால் அறிகுறி எதுவும் இல்லாவிட்டாலும் காட்டுங்கள். தோட்ட வைத்திய உதவியாளரிடமோ, நேரே கரவனெல்ல ஆதார வைத்தியசாலைக்கோ கொண்டுபோங்கள். வாகனம் இல்லையென்றால் 1990 இலக்கத்துக்கு அழையுங்கள். அது இலவச அம்புலன்ஸ் சேவை. போகும் வழியிலும் கரண்டியால் ஊட்டிக்கொண்டே போங்கள்.

“காஸ்” என்று நினைத்துச் சோடா குடிக்காதீர்கள்

மண் அள்ளி, தகரம் தூக்கி, நாள் முழுவதும் வேலை செய்தபின் நெஞ்சில் ஒரு பாரம் வரும். “சாப்பிடாமல் இருந்தேன், காஸ் பிடித்துவிட்டது” என்று சோடா ஒன்றைக் குடித்துவிட்டுப் படுப்பார்கள். ஏப்பம் வந்ததும் சரியாகிவிட்டது என்று நினைப்பார்கள். மாரடைப்பும் சில வேளைகளில் இப்படித்தான் தொடங்கும். நீரிழிவு உள்ளவர்களுக்கும், பெண்களுக்கும், வயதானவர்களுக்கும் கடுமையான நெஞ்சு வலி இல்லாமல், செரியாமைபோலவும் களைப்புப்போலவும் மட்டும் தோன்றலாம்.

நெஞ்சு அழுத்துகிறது, வலி தோளுக்கோ கைக்கோ தாடைக்கோ பரவுகிறது, வியர்க்கிறது, மூச்சு வாங்குகிறது, நடந்தால் கூடுகிறது என்றால் அது காஸா வேறு ஏதாவதா என்று வீட்டில் முடிவு செய்ய வேண்டாம். சோடாவுக்குக் கடைக்கு ஆள் அனுப்பும் நேரத்தில் 1990 க்கு அழையுங்கள்.

போத்தலில் உள்ள நிறத்தைப் பாருங்கள்

இலங்கையில் 2016 ஆகஸ்ட் 1 முதல் குளிர்பானங்களில் சீனியின் அளவை நிறத்தால் காட்ட வேண்டும் என்பது சட்டம். எழுத்து வாசிக்கத் தெரியாதவரும் பார்த்துப் புரிந்துகொள்ளலாம்.

சிவப்பு: 100 மில்லிலீற்றரில் 11 கிராமுக்கு மேல் சீனி.
செம்மஞ்சள்: 2 முதல் 11 கிராம் வரை.
பச்சை: 2 கிராமுக்குக் குறைவு.

ஒன்றைக் கவனியுங்கள். செம்மஞ்சள் என்றால் நடுத்தரம், பரவாயில்லை என்று பலர் எண்ணுகிறார்கள். 100 மில்லிலீற்றரில் 10 கிராம் சீனி உள்ள பானமும் செம்மஞ்சள்தான். நாம் மேலே பார்த்த 10 கரண்டிச் சீனிப் போத்தல் அந்த நிறத்திலேயே வரும். பச்சை நிறம் சீனி குறைவு என்று சொல்கிறது. காற்றும் புளிப்பும் குறைவு என்று அது சொல்லவில்லை.

அடிக்கடி கேட்கும் கேள்விகள்

*கிணற்றுத் தண்ணீரைவிடப் போத்தல் சோடா பாதுகாப்புத்தானே?*
கிருமியைப் பொறுத்தவரை, மூடி உடையாத போத்தல் கலங்கல் தண்ணீரைவிடப் பாதுகாப்பானதுதான். அதனால் அது தண்ணீருக்கு மாற்று ஆகிவிடாது. தண்ணீரைக் கொதிக்க வையுங்கள். நன்றாகக் குமிழி வந்து கொதித்தபின் மூடி ஆறவிடுங்கள். கிணற்றை இறைத்துக் குளோரின் இடுவது பற்றிப் பொது சுகாதாரப் பரிசோதகரிடம் கேளுங்கள். சோடாவில் போடும் ஐஸ் எந்தத் தண்ணீரில் செய்தது என்பதையும் யோசியுங்கள். ஐஸ் கட்டியில் கிருமி சாவதில்லை.

*தேத்தண்ணீரிலும் சீனி போடுகிறோமே?*
உண்மைதான். ஒரு நாளில் ஐந்து தடவை, இரண்டு கரண்டி வீதம் போட்டால் அதுவும் 10 கரண்டி. வாரத்துக்கு அரைக் கரண்டி வீதம் குறைத்து வந்தால் நாக்கு பழகிவிடும். சாப்பாட்டோடு தேத்தண்ணீர் குடிப்பதையும் தவிருங்கள். கீரையிலும் பருப்பிலும் உள்ள இரும்புச் சத்து உடலில் சேர்வதை அது குறைக்கிறது. ஒரு மணித்தியாலம் கழித்துக் குடிக்கலாம். சின்னப் பிள்ளைகளுக்குத் தேத்தண்ணீர் வேண்டாம்.

*பிள்ளை சோறு சாப்பிடுவதில்லை, இனிப்புப் பானமாவது குடிக்கட்டுமே?*
பிள்ளை சோறு சாப்பிடாமல் இருப்பதற்கு அந்தப் பானமே காரணமாக இருக்கலாம். சிறிய வயிறு, சீனித் தண்ணீரால் நிறைந்துவிட்டால் பசி எடுக்காது. 2016 ஆம் ஆண்டின் தேசிய மதிப்பீட்டில், ஐந்து வயதுக்குக் குறைந்த பிள்ளைகளில் வயதுக்கேற்ற உயரம் இல்லாதவர்கள் நாடு முழுவதும் 17.3 வீதம். தோட்டப் பகுதியில் மட்டும் 31.7 வீதம். நம் பிள்ளைகளுக்கு ஒவ்வொரு வாய் உணவும் கணக்கு. ஒரு பெரிய சோடாப் போத்தலின் விலைக்கு எத்தனை முட்டை வரும் என்று கடையில் நின்று ஒரு தடவை எண்ணிப் பாருங்கள்.

*இளநீர் கொடுக்கலாமா?*
சாதாரண தாகத்துக்குச் சோடாவைவிடச் சிறந்தது. வயிற்றோட்டத்தில் அதை மட்டும் நம்ப வேண்டாம், அதில் பொட்டாசியம் அதிகம், உப்பு குறைவு. சிறுநீரக நோய் உள்ளவர்கள் வைத்தியரைக் கேட்டபின் குடிக்க வேண்டும்.

*திருவிழாவுக்கும் கலியாணத்துக்கும் ஒரு கிளாஸ் குடித்தால் என்ன?*
உடல் நலமாக இருக்கும்போது, எப்போதாவது ஒரு கிளாஸ் குடிப்பதால் கெட்டுப்போகாது. தினமும் குடிப்பதும், நோய் வந்தபோது மருந்தாகக் கொடுப்பதும்தான் தவறு. வீட்டுக்கு வரும் விருந்தாளிக்குத் தேசிக்காய்த் தண்ணீரோ மோரோ கொடுத்தாலும் மரியாதை குறையாது.

வெற்றுப் போத்தல்களைப் பற்றி ஓர் எச்சரிக்கை

வீடு துப்புரவாக்கும்போது சோடாப் போத்தல்கள் நிறையச் சேரும். அவற்றில் மண்ணெண்ணெய், களைநாசினி, கழிவறை திரவம், இறப்பர்ப் பாலை உறைய வைக்கும் அசிட் எதையும் ஊற்றி வைக்காதீர்கள். சோடாவுக்குப் பழகிய பிள்ளை, தாகத்தில் அந்தப் போத்தலைத் திறந்து ஒரே மூச்சில் குடித்துவிடும். அப்படி நடந்தால் வாந்தி எடுக்க வைக்க வேண்டாம், அது தொண்டையை இரண்டாம் தடவை எரிக்கும், சுவாசப்பையிலும் இறங்கும். உடனே வைத்தியசாலைக்குக் கொண்டுபோங்கள். குடித்த போத்தலையும் கையோடு எடுத்துச் செல்லுங்கள்.

சுவரில் ஒட்டி வைக்க

தாகத்துக்குக் கொதித்தாறிய நீர்.
வயிற்றோட்டத்துக்கு ஜீவனி, தாய்ப்பால், கஞ்சி. சோடா வேண்டாம்.
நெஞ்சு அழுத்தினால் 1990. சோடா வேண்டாம்.
போத்தலில் நிறத்தைப் பார்த்து, கரண்டிக் கணக்குப் போட்டு வாங்குங்கள்.
சோடாப் போத்தலில் நஞ்சு வைக்காதீர்கள்.

இரண்டு ஜீவனிப் பொதியையாவது எப்போதும் வீட்டில், மழையில் நனையாத இடத்தில் வைத்திருங்கள். தீர்ந்துபோனால் குடும்ப சுகாதார உத்தியோகத்தரிடமோ தோட்ட வைத்திய உதவியாளரிடமோ கேளுங்கள். அடுத்த மழைக்கு மூட்டை கட்ட நேர்ந்தால், அடையாள அட்டையோடும் பிள்ளையின் கிளினிக் கொப்பியோடும் அந்தப் பொதிகளும் பையில் இருக்கட்டும்.